பயோகேஸ் தொட்டியில் இரண்டு வாளி பிளீச்சிங் பவுடர்

என்ஜினீயர் சார் கம்ப்யூட்டரின் முகத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு. இடது பக்கத்திலிருந்து சின்னச் சின்ன மேடுபள்ளமாக வந்துகொண்டிருந்த அந்தக் கோடு, நடுவில் ஓரிடத்தில் சறுக்கி விழுந்திருந்தது. அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"இது என்ன லிஸி?" என்றார்.

லிஸிச் சேச்சி நைட்டிக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். வேலைக்கு நடுவில் கூப்பிட்டதால் கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்திருந்தார். அந்தச் சின்ன அறையில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அதையும் மீறி அவர் சட்டையிலிருந்து மத்தி மீன் வாசம் வந்தது.

"கேஸ் இல்லா சாரே."

"அது எனக்கும் தெரியுது. ஏன் இல்லை? தினமும் நூற்றிருபது கிலோ மீன்கழிவு போட்டதா நீங்கதான் இதுல அடிச்சிருக்கீங்க. அவ்வளவும் உள்ளே போயிருந்தா கேஸ் வராம இருக்குமா? அப்போ உள்ளே போகலை. வேற எங்கேயோ போயிருக்கு."

"ஞான் நிறுத்துப் பாத்துட்டுத்தான் சாரே இடுறது. ஒரு நாளும் கண்ணளவுல இட்டதில்லா."

என்ஜினீயர் சார் என் பக்கம் திரும்பினார். தொட்டி இருக்கும் மார்க்கெட்டைப் பெருக்குகிறவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் கதவை ஒட்டி நின்றிருந்தேன்.

"நீங்க சொல்லுங்க. வாத்துப் பண்ணை வண்டி மார்க்கெட்டுக்கு வருமா?"

"வரும் சாரே" என்றேன்.

அன்று அந்த அறையில் நான் பேசியது அவ்வளவுதான். அது பொய் இல்லை. வாத்துப் பண்ணைக்காரர்கள் மீன் தலையும் குடலும் வாங்க வாரத்தில் இரண்டு நாள் வருவார்கள். ஆனால் தொட்டிக்குப் போக வேண்டியதை லிஸிச் சேச்சி அந்த வண்டிக்கு விற்றுவிட்டார் என்று நம்ப என்ஜினீயர் சாருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

கேஸ் நின்றுபோனதற்குக் காரணம் லிஸிச் சேச்சி இல்லை. நான்தான். அந்த அறையில் நின்றபோதே எனக்கு அது தெரியும்.

எப்படி என்று சொல்வதற்கு முன்னால் வேறு சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் அறிந்த ஒரே மருந்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையாள தேசத்து மட்டாஞ்சேரிக்கு வந்தேன். பத்தாவது வரை தமிழில் படித்தவள். மாமியார் இறந்தபின் அவர் பார்த்த முனிசிபல் துப்புரவு வேலை எனக்கு வந்தது. எங்கள் குவார்ட்டர்ஸைப் பற்றியும் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றியும் இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். என் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அச்சாகி வந்ததும் ஒவ்வொரு வாரமும் நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். இந்த வாரம் அவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையில் தந்தது ஒரு துடைப்பம், ஒரு கூடை, ஒரு வாளி பிளீச்சிங் பவுடர்.

காய்ச்சல் பரவினால் பிளீச்சிங். மழைத்தண்ணீர் வடிந்தால் பிளீச்சிங். நாய் செத்துக் கிடந்த இடத்தில் பிளீச்சிங். பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் இரண்டு பங்கு பிளீச்சிங். ஓடைக்கரையில் கோலம் போடுவதுபோலக் கைநிறைய அள்ளித் தூவுவோம். கொஞ்ச நேரத்தில் நாற்றம் அடங்கி, மூக்கைக் குத்தும் அந்த வேறு வாசம் எழும். அந்த வாசம் வந்துவிட்டால் இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் சேலைகளில் எல்லாம் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அது பொடி பட்டு நிறம் போன இடம். ஒருமுறை தீபாவளிக்கு எடுத்த அரக்குச் சேலையை அவசரத்தில் கட்டிக்கொண்டு போய், மத்தியானத்துக்குள் அது புள்ளிமான் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "புதுசா டிசைன் போட்டிருக்க போல" என்றார். அவர் முனிசிபல் லாரியில் வேலை பார்க்கிறவர். பெயர் இசக்கிமுத்து.

வெள்ளையாக இருந்தால் சுத்தம், நாறாவிட்டால் சரி. பத்துப் பன்னிரண்டு வருஷம் அதை மட்டுமே நம்பி வேலை செய்தேன்.

பத்து நாள் வகுப்பு

புத்தாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். வீட்டுக்கு ஒருவர் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் பக்கம் ஆள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். இசக்கிமுத்து, "எனக்கு லாரியப் பத்தித் தெரிஞ்சாப் போதும்" என்று ஒதுங்கிவிட்டார். மகள் சின்னவள். கடைசியில் நான் போனேன்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. ஆறு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று பெண்கள். நான் கடைசி வரிசையில், அதிலும் ஓரத்தில் உட்கார்ந்தேன். டீச்சர் சொன்னது புரிந்தது. திரையில் வந்த மலையாள எழுத்துதான் எனக்கு மெதுவாக வரும். கேட்க வெட்கப்பட்டு மூன்று நாள் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து இழுத்து மவுஸ் மேல் வைத்தார்.

"எலியா இது, பயப்படறதுக்கு? எலியப் பிடிச்சுக் குப்பைல இடுற கையல்லே உங்களோடது! பிடி!"

அதுதான் லிஸிச் சேச்சி. தோப்பும்படிக்காரர். இறால் உரிக்கும் ஷெட்டில் பதினைந்து வருஷம் வேலை செய்தவர். ஐஸில் ஊறிய விரல்கள் முழுக்க வெடிப்பு. நாலாம் வகுப்புவரைதான் பள்ளிக்குப் போனவர். ஆனால் அந்த விரல்கள் மவுஸைப் பிடித்த வேகத்தைப் பார்த்து டீச்சரே, "சேச்சி, இது இறால் இல்லை, மெதுவா" என்றார்.

லிஸிச் சேச்சியின் சிரிப்பும் கேலியும் இல்லாவிட்டால் நான் அந்த வகுப்பை முடித்திருக்க மாட்டேன். கடைசி நாளில் ஒரு வீடு, ஒரு தென்னை, ஒரு சூரியன் வரைந்து அடியில் என் பெயரை அடித்தேன். மலையாளத்தில். செல்லத்தாய் என்று. லிஸிச் சேச்சி எட்டிப் பார்த்து, "கண்டோ! பேரு அடிச்சாச்சு. இனி உன்னைய ஆராலும் அழிக்க முடியா" என்றார்.

அரை மணி நேர வெளிச்சம்

அடுத்த வருஷம் எங்கள் மார்க்கெட்டின் பின்பக்கம், மீன் கழுவும் மேடைக்கு அப்பால், தரையைத் தோண்டிப் பெரிய தொட்டி கட்டினார்கள். மேலே பச்சை நிறத்தில் கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு மூடி. வெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனம் சோதனைக்காகச் செய்தது. மீன்கழிவையும் காய்கறிக் கழிவையும் அதில் போட்டால் உள்ளே கேஸ் உண்டாகும். அந்த கேஸில் ஒரு என்ஜின் ஓடும். அதிலிருந்து மார்க்கெட்டுக்குப் பதினாறு விளக்கு.

அதைப் பார்த்துக்கொள்ள மீனையும் தெரிந்த, கம்ப்யூட்டரையும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். லிஸிச் சேச்சிக்கு வேலை கிடைத்தது. ஒரு வருஷம் சரியாக நடந்தால் நிரந்தரம். அவர் புருஷன் படகில் போய்த் திரும்பாதவர். அப்பச்சன் என்று அவர் கூப்பிடும் வயதான அப்பாவும் படிக்கிற இரண்டு பிள்ளைகளும் அவர் கையை நம்பி இருந்தார்கள். "இனி எனக்கு ஐஸ் வேண்டா செல்லம்மே" என்று விரல்களை என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார்.

தொட்டியை முதலில் உயிர்ப்பிக்கச் சாணம் வேண்டியிருந்தது. குஜராத்தித் தெருவில் பசு வளர்க்கும் இடத்திலிருந்து இசக்கிமுத்துவின் லாரிதான் அதைக் கொண்டுவந்தது. மூன்று வாரம் கழித்து ஒருநாள் சாயங்காலம் வழக்கமான கரண்ட் கட். அந்தக் காலத்தில் தினமும் அரை மணி நேரம் கரண்ட் போகும். மட்டாஞ்சேரி முழுக்க இருட்டு. அப்போது எங்கள் மார்க்கெட்டில் மட்டும் பதினாறு விளக்கும் எரிந்தன.

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் மேலே பார்த்தார்கள். மீன்காரர் ஹம்ஸ இக்கா தன் கூடையிலிருந்த அயிலைகளைப் பார்த்துவிட்டு, "படைச்சவனே, நேத்து வரைக்கும் இருட்டுல பழசையும் தள்ளிவிட்டேன். இனி அதுவும் நடக்காதே" என்றார். அதற்கப்புறம்தான் சிரிப்பு கிளம்பியது.

லிஸிச் சேச்சி அந்தத் தொட்டியை 'அவள்' என்றுதான் சொல்வார். "அவளுக்கு இன்னைக்குப் பசியில்லா." "நாரங்காத் தோலு கொடுக்காதீங்க, எலுமிச்சை அவளுக்குப் புளிக்கும்." தராசில் நிறுத்து, தண்ணீர் அளந்து ஊற்றி, சாயங்காலம் மாடி அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் அடிப்பார். கழிவு எத்தனை கிலோ, தண்ணீர் எத்தனை லிட்டர், கேஸ் எவ்வளவு, விளக்கு எத்தனை மணி நேரம். அது அப்படியே காக்கநாட்டில், என்ஜினீயர் சார் வேலை பார்க்கும் அந்த நிறுவனத்தின் ஆபீசில் தெரியும் என்றார்கள். லிஸிச் சேச்சிக்கு அதில் பெரிய பெருமை. "காலையில தொட்டி, வைகுந்நேரம் ஆபீஸ்" என்பார்.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று அவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். தொட்டிக்கு வெளியே வேலை செய்த எங்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் பெருக்குகிறவர்கள்தானே.

விருந்தாளிகள்

ஏழெட்டு மாதம் கழிந்தது. தொட்டியைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இன்னும் பத்து மார்க்கெட்டில் இதைக் கட்டுவார்களாம்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் இன்ஸ்பெக்டர் வந்து, "மார்க்கெட் வெள்ளையா இருக்கணும்" என்று எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போனார். நானும் இன்னும் இரண்டு பேரும் கழுவித் தள்ளினோம். மற்ற இருவரும் போனபின் சாயங்காலம் நான் மட்டும் பின்பக்கம் போனேன். லிஸிச் சேச்சி மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்.

கழிவு போடும் வாயில் ஒரு பலகை மூடி உண்டு. திறந்தேன். உள்ளே புழு நெளிந்தது. அழுகல் நாற்றம். நாளைக்கு வெள்ளைக்காரர்கள் வந்து மூக்கைப் பொத்தினால் லிஸிச் சேச்சிக்கு எவ்வளவு அவமானம் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து மவுஸில் வைத்தவர். அவருக்கு என்னால் ஆன ஒன்று.

இரண்டு வாளி பிளீச்சிங் பவுடரை உள்ளே கொட்டினேன். தண்ணீர் ஊற்றி, நீளத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி உள்ளே அனுப்பினேன். புழு நின்றது. நாற்றம் நின்றது. ஓரங்களையும் கழுவி, மூடியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வேலையை நிறைவாகச் செய்த மாதிரி இருந்தது.

மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். அண்டாவில் முன்பே நிறைந்திருந்த கேஸில் பதினாறு விளக்கும் எரிந்தன. வந்தவர்களில் ஒரு அம்மா, உங்கள் நாட்டைப் போன்ற நாடுகளுக்கெல்லாம் இதுதான் வழி என்று சொன்னதாக என்ஜினீயர் சார் மலையாளத்தில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அதற்கடுத்த நாள் பத்து விளக்கு. அப்புறம் நாலு. ஒரு வாரத்துக்குள் ஒன்றுமில்லை. பழையபடி கரண்ட் கட்டில் மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெயும் வந்தன.

"எந்தா லிஸி, உன் பசு கறக்கலயா?" என்று கேட்டார் ஹம்ஸ இக்கா.

"கறக்கும் இக்கா. கொஞ்சம் சுகமில்லா."

"பசுவுக்குச் சுகமில்லாயோ, கறக்கிற ஆளுக்குக் கை நீண்டதோ?" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். லிஸிச் சேச்சி திரும்பிப் பார்த்தார். சொன்னது யாரென்று தெரியவில்லை.

அவர் தன் செலவில் ஆட்டோ பிடித்துச் சாணம் கொண்டுவந்து கரைத்து ஊற்றினார். ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் நான் பெருக்கிக்கொண்டே, "எதனால சேச்சி இப்படி?" என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ளே இருக்கிறது யந்திரம் இல்ல செல்லம்மே. கண்ணுக்குத் தெரியாத ஜீவனுங்க. அதுங்கதான் தின்னு கேஸ் தரும். ஆரோ அதுங்களைக் கொன்னுட்டாங்க" என்றார்.

கொல்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கிருமியைக் கொல்லத்தானே அந்தப் பொடி. அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது. துடைப்பத்தை விடாமல் பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

மறுபடியும் அந்த அறை

அன்று வீட்டுக்குப் போய் இசக்கிமுத்துவிடம் மட்டும் சொன்னேன்.

"ஏ புள்ள, வாயத் திறக்காத" என்றார். "சொன்னா அது உன்னோட நிக்காது. இன்ஸ்பெக்டர் பேரும் வரும். அப்புறம் மெமோ, சஸ்பென்ஷன், குவார்ட்டர்ஸக் காலி பண்ணுன்னு வரும். புள்ளையக் கூட்டிட்டு எங்க போவ? சங்கரன்கோவிலுக்கா?"

அதற்கு நாலு நாள் கழித்துத்தான் அந்த அறையில் நின்றேன். என்ஜினீயர் சார் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டே போனார். அதில் கிலோ இருந்தது, லிட்டர் இருந்தது. விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மூடியைத் திறந்தது யார் என்று கேட்க அதில் இடமில்லை. அவரும் கேட்கவில்லை. வண்டி வருமா என்றார். வரும் என்றேன்.

"நாளையிலேருந்து வரவேண்டாம் லிஸி. என்ஜின் ரூம் சாவியைக் கொடுத்துட்டுப் போங்க."

லிஸிச் சேச்சி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "ஞான் எடுத்திட்டில்லா சாரே" என்றார். அதை ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

அவர் போனபின் என்ஜினீயர் சார் அந்தச் சாவியை என் பக்கம் தள்ளினார். "புது ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க பாத்துக்குங்க. நீங்க நிரந்தர ஆளு. நம்பலாம்."

வாங்கிக்கொண்டேன்.

தோப்பும்படி

எட்டு நாள் அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் குர்பானா பூசை முடிந்து லிஸிச் சேச்சி வீட்டில் இருப்பார் என்று போனேன். வீட்டில் அப்பச்சன்தான் இருந்தார். "அவள் ஷெட்டுக்குப் போயி" என்றார்.

ஷெட்டில் ஈரத்தரையில் முப்பது பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஐஸும் இறாலும். லிஸிச் சேச்சி மூன்றாவது வரிசையில் இருந்தார். விரல்களில் பழைய துணி சுற்றியிருந்தது. நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். அவர் கை நிற்கவில்லை.

"சேச்சி, தொட்டியில பிளீச்சிங் போட்டது நான்தான்."

"அறியும்" என்றார்.

முன்பே தெரியுமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"விருந்துக்காரங்க வந்த அன்னைக்குக் காலையிலே மூடியத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாசனை. பலகையில வெள்ளை. உன் துடைப்பத்துக் குச்சி ரெண்டு உள்ளே. பின்னே ஆரு? கோரிக் கோரி வெளியே ஊத்தினேன். கொஞ்சம் வாடிட்டுத் தானே சரியாகும்னு நெனச்சேன். அன்னைக்கே சாரிடம் சொல்லாதது என் தப்பு."

"அந்த ரூம்ல ஏன் சேச்சி சொல்லல?"

"ஞான் சொன்னா என்ன சொல்லுவாங்க? கள்ளி, பிடிபட்டதும் அந்தப் பாவம் தமிழத்தி தலையில வெக்கறான்னு சொல்லுவாங்க. நீ சொன்னாத்தான் அது சத்தியம். மூணு தடவ உன்னைய நோக்கினேன். நீ தரையப் பாத்துட்டு நின்னே."

அடுத்த வரிசையில் ஒரு பெண் எங்களைப் பார்த்தார். லிஸிச் சேச்சி குரலைத் தாழ்த்தவில்லை.

"கள்ளின்னு சொன்னதுதான் செல்லம்மே. ஐஸு எனக்குப் புதுசில்ல. என் பிள்ளைங்ககிட்ட ஸ்கூல்ல கேக்கறாங்க, உங்க அம்மை மீன்தலை திருடினவளான்னு."

"என்னை மன்னிச்சிரு சேச்சி" என்று அழுதேன்.

அப்போதுதான் அவர் கை நின்றது. "இதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றே? எனக்குத் தெரியுமே. தெரியாத்த ஆளுகிட்டப் போய்ச் சொல்லு" என்றார். பிறகு அடுத்த இறாலை எடுத்தார்.

காக்கநாடு

மறுநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வைட்டிலாவில் இறங்கி அடுத்த பஸ். இசக்கிமுத்துவிடம் சொல்லவில்லை. மடியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தேன். அங்கே போய் வாய் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம்.

கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் அவர்கள் ஆபீஸ். வாசலில் இருந்தவர் என் சேலையைப் பார்த்துவிட்டு, பெருக்க வந்த ஆள் என்று நினைத்துப் பின்பக்கம் போகச் சொன்னார். சரி என்று பின்பக்கமாகவே போனேன்.

என்ஜினீயர் சார் என்னைப் பார்த்து எழுந்தார். "என்ன, தொட்டியில ஏதாவது?"

நினைத்தபடியே வாய் வரவில்லை. பொட்டலத்தைப் பிரித்து அவர் மேஜையில் வைத்தேன். அவர் குனிந்தார். வாசம் மூக்கில் ஏறியதும் பின்வாங்கினார்.

"இதை நான்தான் சாரே உள்ளே போட்டேன். ரெண்டு வாளி. வெளிநாட்டுக்காரங்க வந்ததுக்கு முந்தின நாள்."

அவர் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டை வரவழைத்து, தேதி பார்த்து விரலை வைத்தார்.

"அன்னைக்கு அந்த ரூம்ல ஏன் சொல்லலை?"

"வண்டி வருமான்னு மட்டும்தானே சாரே கேட்டீங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது உண்மைதான். ஆனால் நான் ஒளிந்துகொள்ளப் பிடித்த உண்மை. "பயந்துட்டேன் சாரே" என்று சேர்த்துச் சொன்னேன்.

அவருக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "அந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு நான் ரிப்போர்ட் அனுப்பிட்டேன். இங்கே வேலைக்கு வர்றவங்களை நம்ப முடியாது, கழிவைத் திருடி விக்கறாங்க, இனிமே கட்டுற தொட்டிக்கெல்லாம் பூட்டு வேணும்னு எழுதியிருக்கேன். அவங்க அதைப் படிச்சும் ஆச்சு."

"அதை அழிக்க முடியாதா சாரே? கம்ப்யூட்டர்ல எதையும் அழிக்கலாம்னு வகுப்புல சொன்னாங்களே."

"இங்கே அழிக்கலாம். போன இடத்துல அழிக்க முடியாது. புதுசா ஒண்ணுதான் அனுப்ப முடியும்."

எழுதித் தரச் சொன்னார். நான் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். அவரால் படிக்க முடியவில்லை. நான் வாசிக்க வாசிக்க அவர் மலையாளத்தில் அடித்தார். "இது உங்க இன்ஸ்பெக்டருக்கும் போகும்" என்றார். "தெரியும் சாரே" என்றேன்.

போயிற்று. ஒரு வாரத்தில் மெமோ வந்தது. குவார்ட்டர்ஸைத் தொடவில்லை. என்னைப் பள்ளுருத்திப் பக்கம் சாக்கடை ஓடை வேலைக்கு மாற்றினார்கள். இன்ஸ்பெக்டர் அதற்கப்புறம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இசக்கிமுத்து ஒரு மாதம் தட்டை நகர்த்தி வைக்கச் சொல்வதற்குக்கூட வாய் திறக்கவில்லை. நான் சோறு வைப்பேன், அவர் சாப்பிடுவார்.

மார்க்கெட் நடுவில்

என்ஜினீயர் சார் தோப்பும்படிக்குப் போய் லிஸிச் சேச்சியை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார். லிஸிச் சேச்சி வர மறுத்துவிட்டார்.

"கள்ளின்னு பேரு வந்தது மார்க்கெட்டுல. இல்லைன்னு என் வீட்டுல வந்து சொன்னா போதுமா? மார்க்கெட்டுல சொல்லணும். அவளும் அங்க நிக்கணும்" என்றாராம். அவள் என்றால் நான்.

பள்ளுருத்திக்கு மாறுவதற்கு முந்தின சனிக்கிழமை. காலை பத்து மணி, கூட்டம் நெரியும் நேரம். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த மிளகாய் நெடியில் எல்லாரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். என்ஜினீயர் சார் மீன் மேடைக்கு முன்னால் நின்றார். ஈரத்தரை பழக்கமில்லாததால் பேண்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். லிஸிச் சேச்சி அவருக்கு எதிரே நின்றார். நல்ல சேலை கட்டியிருந்தார். நான் நாலடி தள்ளி நின்றேன்.

"லிஸி எதையும் எடுக்கலை" என்றார் அவர். "செல்லத்தாய் தெரியாம பிளீச்சிங் பவுடர் போட்டதாலதான் கேஸ் நின்னுச்சு. லிஸி திருடினதா நான் சொன்னது தப்பு."

குரல் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் இருந்த ஏழெட்டுப் பேருக்குத்தான் கேட்டிருக்கும். ஹம்ஸ இக்கா ஒரு அயிலையைக் கையில் பிடித்தபடியே நின்றார். என்ஜினீயர் சார் முடித்துவிட்ட நிம்மதியில் லிஸிச் சேச்சியைப் பார்த்தார்.

"சாரே" என்றார் லிஸிச் சேச்சி. "இன்னும் ஒருக்கா உரக்கச் சொல்லணும். அங்க கடைசியில இறால் விக்கிறவளுக்கு, காய்கறிக்காரங்களுக்கு ஆருக்கும் கேக்கல."

என்ஜினீயர் சாரின் முகம் சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு அதே மூன்று வாக்கியங்களையும், கூரைத் தகரத்தில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பும்படி, மார்க்கெட் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

இரண்டாவது தடவை என் பெயர் வந்தபோது கடைசி வரிசை வரைக்கும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பின்னால் ஒரு தூண் இருந்தது. நான் அங்கே போகவில்லை. அவர் சொல்லி முடித்து, லிஸிச் சேச்சி போதும் என்று தலையசைத்து, கடைக்காரர்கள் மறுபடி கூவ ஆரம்பிக்கும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன்.